வறள்நிலத்து வௌவால்கள்: திண்டுக்கல் சமவெளியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

மேற்கே பழனி மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தைப் பெரும்பாலும் தன் சரிவுகளிலேயே வாங்கிக்கொள்ள, கிழக்கே சிறுமலையும் கரந்தமலையும் எல்லை காட்டி நிற்க, நடுவே செம்மண்ணும் சரளையும் பனையும் வேலமுமாய் விரிந்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே ஆண்டு முழுவதையும் கடத்துகின்ற திண்டுக்கல் சமவெளியைப் பாலைவனம் என்று எந்தப் பூகோள சாஸ்திரியும் சொல்லமாட்டார். ஆயினும், இச்சமவெளியும் இதற்குத் தெற்கே வைகை வரை பரந்த மதுரைச் சமவெளியும் சேர்ந்த வறண்ட பிரதேசத்தில், அந்திக்குப் பின் ஆகாயத்தில் உலாவும் பிராணிகளின் ஜாதி விவரங்களை ஆராயப் புகுபவர், எகிப்திலும் அரேபியாவிலும் கச்சிலும் வசிக்கும் பிராணிகளின் நெருங்கிய சுற்றத்தாரை இங்கே காண்பார். கோபுரத்து மாடங்களிலும் பாறை இடுக்குகளிலும் பகலெல்லாம் தலைகீழாய்த் தொங்கி, இருட்டியதும் வெளிப்படும் வௌவால்களே அப்பிராணிகள்.

உலகில் இதுவரை அறியப்பட்ட வௌவால் இனங்கள் 1,400க்கு மேற்பட்டவை. பாலூட்டிகளின் இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வௌவால்களே. இந்தியாவில் மட்டும் 120க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. இத்தனை பெருங்குடியைப் பற்றி நம் மக்களின் பொது அறிவு, பழம் தின்னும் பெரிய வௌவால் ஒன்று, வீட்டு உத்தரத்தில் ஒண்டும் சிறு துரிஞ்சில் ஒன்று என்ற இரண்டோடு நின்றுவிடுகிறது. எந்த இனம் எங்கே உறைகிறது, எந்தப் பருவத்தில் குட்டி ஈனுகிறது, எதைத் தின்கிறது, எது குறைந்து வருகிறது என்பவற்றை முறையாகப் பதிவு செய்வதற்கே கணக்கெடுப்பு என்று பெயர். அத்தகைய கணக்கெடுப்பு வறள்நிலத்தில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைத் திண்டுக்கல் வட்டாரத்தை உதாரணமாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலை நாட்டுச் சுற்றம்

வறண்ட நாடுகளுக்கே உரியவை என்று விலங்கியலார் கொள்ளும் வௌவால்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது எலிவால் வௌவால். உடலின் நீளத்துக்கு ஏறக்குறைய நிகரானதாய், இறக்கைத் தோலில் அடங்காமல் தனித்துத் தொங்கும் மெல்லிய வாலும், புழுதி புகாதபடி மூடிக்கொள்ளத்தக்க பிளவு வடிவான நாசித் துவாரங்களும், பூச்சிகள் மிகுந்த காலத்தில் அடிவயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேமித்து, அவை அருகும் காலத்தில் அதைச் செலவிட்டு உயிர் வாழும் சுபாவமும் இதற்கு உண்டு. இக்குடும்பம் வட ஆப்பிரிக்கா, அரேபியா, பாரசீகம், சிந்து, ராஜஸ்தானம் என்று வறண்ட நிலத்தையே பற்றிக்கொண்டு பரந்திருக்கிறது. அதன் ஓர் இனம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரியாயிருந்த ஹார்ட்விக் என்பவரின் பெயரைத் தாங்கி, 1831இல் சாஸ்திர உலகுக்கு அறிமுகமாயிற்று. தெற்கே மதுரை வரை வந்து குடியேறியிருப்பது அவ்வினமே. ஒரு காலத்தில் இதனோடு ஒன்றாகவே எண்ணப்பட்டுவந்த ஆப்பிரிக்க, அரேபியக் கூட்டங்களை இக்காலத்து ஆராய்ச்சியாளர் வேறோர் இனமாகப் பிரித்துவிட்டனர். இன அட்டவணை என்பது ஒரு தடவை எழுதி முடித்துவிடக்கூடிய சாசனமன்று என்பதற்கு இதுவே போதிய சான்று.

அடுத்தது எகிப்திய மடிப்புதட்டு வௌவால். நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு சென்ற அறிஞர் கூட்டத்தில் ஒருவரான ஜெஃப்ருவா சேந்த்-இலேர் 1818இல் இதற்குப் பெயரிட்டார். நைல் நதிக்கரையின் பெயரைச் சுமந்துகொண்டே இது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மரத் தலைகளுக்கு மிக உயரே, ஒடுங்கிய நீண்ட இறக்கைகளால் அதிவேகமாகப் பறந்து பூச்சி பிடிக்கிறது. மூன்றாவது, கச்சுப் பிரதேசத்திலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு 1872இல் டாப்ஸன் பெயரிட்ட கல்லறை வௌவால். பழைய சமாதிகளிலும் இடிந்த கட்டடங்களிலும் காணப்பட்டமையால் இவ்வகைக்குக் கல்லறை வௌவால் என்னும் பெயர் வழங்கலாயிற்று. திண்டுக்கல்லிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளில் இம்மூன்றும் இடம் பெற்றிருக்கின்றன.

வௌவாலின் உடலமைப்பை நோக்கினால், வறள்நிலம் அதற்கு ஏற்ற இடமாகவே தோன்றாது. உடலின் அளவுக்கு ஒவ்வாத பெரும் பரப்பாய் விரிந்த, உரோமம் இல்லாத இறக்கைத் தோலின் வழியே அதன் உடல் நீர் ஓயாது ஆவியாகிக்கொண்டிருக்கிறது. பறப்பதற்குச் செலவாகும் சக்தியோ மிக அதிகம். பாலையில் வாழும் இனங்கள் இந்த இடையூற்றை மூன்று உபாயங்களால் வெல்கின்றன. சிறுநீரைச் செறிவாக்கி நீரை மிச்சப்படுத்தும் சிறுநீரகம் ஒன்று. பூச்சிகளின் உடலிலுள்ள ஈரத்தை உணவோடு பெறுவது மற்றொன்று. பகல் முழுவதும் வெப்பமும் ஈரமும் அதிகம் மாறாத இருள் நிறைந்த இடத்தில் அசையாது கிடப்பது மூன்றாவது. இவற்றுள் முதல் இரண்டும் பிராணியின் வசத்தில் உள்ளவை. மூன்றாவது மட்டும் நிலத்தின் வசத்தில், பல இடங்களில் மனிதனின் வசத்தில், இருப்பது. ஆகவே வறள்நிலத்தில் வௌவால்களைக் கணக்கெடுப்பதென்பது, முடிவாகப் பார்க்கும்போது, அவற்றின் பகல் உறைவிடங்களையும் அவற்றை அடுத்துள்ள நீர்நிலைகளையும் கணக்கெடுப்பதேயாகும். உறைவிடம் எத்தனை என்று அறிந்தவன் வௌவால் எத்தனை என்பதைப் பாதி அறிந்தவனாவான்.

பெயரிட்டவர்களும் தேடியவர்களும்

தமிழ்நாட்டு வௌவால்களைப் பற்றிய சாஸ்திரீய அறிவு கடற்கரையில் தோன்றி உள்நாட்டை நோக்கி வந்தது என்று கூறலாம். டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற மாதிரிகளைக் கொண்டே, நம் ஊர்த் தோட்டங்களில் மலிந்து காணப்படும் குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலுக்கு 1797இல் வால் என்னும் டேனிஷ் அறிஞரும், குகைகளில் பெருங்கூட்டமாய் வாழும் ஓர் இலைமூக்கு வௌவாலுக்கு 1800இல் ஷ்னைடர் என்பவரும் பெயரிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்டன் 1867இல் எழுதிய இந்தியப் பாலூட்டிகளைப் பற்றிய நூலும், டாப்ஸன் 1876இல் வெளியிட்ட ஆசிய வௌவால்களைப் பற்றிய தனிநூலும் இவ்வறிவைத் தொகுத்துத் தந்தன. 1912ஐ ஒட்டிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கி நடத்திய இந்தியப் பாலூட்டிக் கணக்கெடுப்பு, சேகரிப்பாளர்களை நாடெங்கும் அனுப்பி, ஆயிரக்கணக்கான மாதிரிகளைத் திரட்டி, அவற்றின் இடமும் நாளும் அளவும் பதியச் செய்தது. முறையான கணக்கெடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்நாட்டில் முதல் இலக்கணம் வகுத்தது அம்முயற்சியே.

கணக்கெடுப்பில் நேரக்கூடிய பிழை எத்தகையது என்பதைக் காட்டும் நிகழ்ச்சியும் நம் பக்கத்திலேயே உண்டு. திண்டுக்கல்லும் தேனியும் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த காலத்தில், 1948ஆம் ஆண்டு, மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பம்பாய்க் கழகத்தின் சேகரத்துக்கு அளித்தார். அது சாதாரணக் குறுமூக்கு வௌவால் என்று சீட்டு எழுதப்பட்டுப் பெட்டியில் உறங்கிற்று. 1972இல் தாய்லாந்து நாட்டு விலங்கியலார் கிட்டி தோங்லோங்யா அதன் மண்டையோட்டையும் பற்களையும் ஆராய்ந்து, அது முன்பு அறியப்படாத தனிப் பேரினம் என்று கண்டு, பறவை அறிஞர் சலீம் அலியின் பெயரால் அதை வழங்கினார். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே வாழும் அவ்வௌவால், ஒரு தவறான சீட்டின் காரணமாக 24 ஆண்டுகள் இல்லாத பிராணியாகவே இருந்தது. கண்ணால் பார்த்த மாத்திரத்தில் இனத்தை முடிவு செய்துவிடும் வழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை வேண்டுவதில்லை.

இந்தப் பிரதேசத்து வௌவால்களை உயிரோடு, அவை வாழும் இடத்திலேயே வைத்து ஆராயும் பெருமை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு உரியது. அங்கே விலங்கு நடத்தை ஆராய்ச்சிக்கு வித்திட்ட மா.க. சந்திரசேகரன், அவருடைய மாணவரான ஜி. மாரிமுத்து முதலானோர், பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள சமணர் மலைப் பகுதியின் குகைகளில் வாழும் இலைமூக்கு வௌவால்களைக் கொண்டு, உயிர்களின் உள்ளே ஓடும் நாட்கணக்கைப் பற்றி அரிய உண்மைகளைக் கண்டனர். வெளிச்சமே எட்டாத குகையின் ஆழத்தில் தனியே கூண்டில் வைக்கப்பட்ட வௌவால், தன் கூட்டத்தார் மாலையில் வெளியேறுவதையும் விடியலில் திரும்புவதையும் உணர்ந்தே தன் காலக்கணக்கைச் சரிப்படுத்திக்கொள்கிறது என்பதும், கூட்டம் இல்லாத குகையில் அக்கணக்கு வழுவிவிடுகிறது என்பதும் 1981இல் வெளியான அவர்களுடைய ஆராய்ச்சியின் முடிவு. கூட்டம் கலைந்தால் வௌவால் இழப்பது துணையை மட்டுமன்று, பொழுதையும் கூட என்பது கணக்கெடுப்போர் மனத்தில் கொள்ளவேண்டிய செய்தி.

ஜெர்மானிய அறிஞர் நாய்வெய்லரும் அவருடன் வந்தோரும் மதுரைக் குழுவினரோடு சேர்ந்து, ஒரே ஊரில் பல இனங்கள் ஆகாயத்தை எவ்வாறு தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன என்று ஆராய்ந்தனர். மிக உயரத்தில் மடிப்புதட்டு வௌவால். அதற்கும் மரத் தலைகளுக்கும் இடையில் எலிவால் வௌவாலும் கல்லறை வௌவாலும். மர இடைவெளிகளிலும் விளிம்புகளிலும் துரிஞ்சில்கள். இலைச் செறிவை ஒட்டி இலைமூக்கு வௌவால். தரையை ஒட்டிப் பெருஞ்செவி படைத்த போலிக் காட்டேரி வௌவால் என்று அடுக்கடுக்காய் அமைந்த அந்தப் பங்கீடு, திண்டுக்கல் வானத்தைப் படிப்பதற்கும் நல்ல வழிகாட்டி. பின்னர் 1997இல் பேட்ஸும் ஹாரிஸனும் இந்தியத் துணைக்கண்டத்து வௌவால்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்டனர். இவர்களுள் ஹாரிஸன் அதற்கு முன்பே அரேபியப் பாலூட்டிகளைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதியவர் என்பதைக் கருதினால், பாலை நாட்டு ஆராய்ச்சியும் நம் நாட்டு ஆராய்ச்சியும் ஒரே கையில் வந்து சேர்ந்தமை தற்செயலாகத் தோன்றாது.

பகல் உறைவிடங்கள்

திண்டுக்கல் என்றதும் எவர் கண்ணிலும் முதலில் படுவது, ஊருக்கு நடுவே மொட்டையாய் எழுந்து நிற்கும் பாறை. 1605இல் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை எழுப்பி, பின்னர் ஹைதர் அலி, திப்பு சுல்தான், கம்பெனியார் என்று கைமாறிய அப்பாறையின் மேல், வெயில் புகாத அறைகளும், வெடிமருந்துக் கிடங்குகளும், விக்கிரகமில்லாத கோயிலும் உள்ளன. மனித நடமாட்டம் அருகி, இருளும் குளிர்ச்சியும் நிலைத்துள்ள இத்தகைய இடங்களே இலைமூக்கு வௌவாலும் கல்லறை வௌவாலும் நாடும் தன்மையுடையவை. கல்லறை வௌவால் சுவரின் மேல் வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு, பிளவுகளில் ஒண்டும். இலைமூக்கு வௌவால் கூரையிலிருந்து ஒன்றையொன்று தொடாமல் சிறு இடைவெளி விட்டுத் தொங்கும். தொங்கும் பாங்கைக் கண்டே குடும்பத்தைச் சொல்லிவிடும் பழக்கம் கள ஆராய்ச்சியாளருக்கு விரைவில் கைவந்துவிடும்.

பாறைக்கு அடுத்தபடி கோயில். தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் முதலாகச் சிற்றூர்ச் சிவாலயங்கள் ஈறாக இவ்வட்டாரத்தில் உள்ள கற்றளிகள், சாஸ்திர நோக்கில் பார்த்தால், மனிதன் சமவெளியில் கட்டி வைத்த குகைகளே. கருங்கல் விதானமும் நீண்ட பிராகாரமும் மூடிக் கிடக்கும் மேல்நிலைக் கோபுர மாடங்களும் இல்லாவிட்டால், மலைக்குகை இல்லாத சமவெளியில் குகைவாசிகள் பல பிழைத்திருக்கமாட்டா. போலிக் காட்டேரி என்று பெயர் பெற்ற, இரத்தம் குடிக்கும் பழக்கமே இல்லாத பெருஞ்செவி வௌவால், தவளை, பல்லி, சுண்டெலி, சிறு பறவை ஆகியவற்றின் அசைவொலியைக் காதால் கேட்டே கவ்விப் பிடித்து வந்து இத்தகைய மண்டபங்களில் தின்னும். அது தொங்கும் இடத்துக்குக் கீழே சிதறிக் கிடக்கும் தவளைக் கால்களையும் இறகுகளையும் வெட்டுக்கிளிச் சிறகுகளையும் பொறுக்கி ஆராய்ந்தால், அப்பிராணியைத் தொடாமலே அதன் உணவுப் பட்டியலை எழுதிவிடலாம்.

கிணறு இவ்வட்டாரத்தின் விசேஷ உறைவிடம். ஆறும் வாய்க்காலும் அருகிய இந்நிலத்தில், பாறையை உடைத்து ஆழமாகவும் அகலமாகவும் தோண்டிய பாசனக் கிணறுகள் எண்ணற்றவை. நீர்மட்டம் இறங்கி ஆழ்துளைக் குழாய்கள் வந்தபின் அவற்றுள் பல பாழாயின. மனிதனுக்குப் பயனற்றுப்போன அக்கிணறுகளின் பக்கப் பொந்துகள், நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஓசையால் இருளில் வழி காணும் குகைப் பழந்தின்னி வௌவாலுக்கு உறைவிடமாகின்றன. கோடையில் நிலத்தின் மேல் எல்லாம் தகிக்கும்போதும் கிணற்றின் உள்ளே ஈரம் தங்கியிருப்பது இதற்குக் காரணம்.

மரங்களுள் ஆலும் புளியும் இலுப்பையும் பெரிய பழந்தின்னி வௌவாலுக்கு உரியவை. இறக்கை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல் அகலம் காட்டும் இப்பிராணி, மறைவை நாடாமல், நூற்றுக்கணக்கில் கூடி, ஊர் நடுவிலும் குளக்கரையிலும் வெட்டவெளியான கிளைகளில் தொங்கும். வெயில் ஏறும்போது இறக்கையை விசிறிக்கொண்டும், உமிழ்நீரால் உடலை நனைத்துக்கொண்டும் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். இத்தகைய மரங்கள் பல ஊர்களில் தெய்வத்தின் பெயரால் காக்கப்படுகின்றன. மதுரைப் பக்கத்துப் புளியங்குளம் என்னும் சிற்றூரின் ஆலமரத்தில் வாழும் வௌவால்கள் முனியாண்டியின் பாதுகாப்பில் உள்ளவை என்ற நம்பிக்கையால் எவராலும் வேட்டையாடப்படாமல் இருந்ததைப் பேராசிரியர் மாரிமுத்து 1988இல் எழுதி வெளிநாட்டாரும் அறியச் செய்தார். ஊர் மாமரத்தில் தூங்கும் வாவல் காட்டு நெல்லியின் புளிப்பைக் கனவில் சுவைப்பதாக நற்றிணைப் புலவர் ஒருவர் பாடியிருப்பதை நோக்கினால், ஊர் மரத்தில் தங்கிக் காட்டில் இரை தேடும் இதன் வாழ்க்கை முறையைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருந்தனர் என்பது விளங்கும்.

குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலின் குடியிருப்பு இன்னும் வியப்புக்குரியது. நெட்டிலிங்க மரத்தின் தொங்கும் கொப்புகளையும், சுவரில் படரும் கொடிகளையும் ஆண் வௌவால் பல நாள் பல்லால் கடித்து வளைத்துக் குடை வடிவாகச் செப்பனிடும். அதில் பெண் வௌவால்கள் பல வந்து சேரும். பாளையங்கோட்டையில் நிகழ்ந்த ஆராய்ச்சியால் 1995இல் இது விரிவாகத் தெரியவந்தது. பள்ளிக்கூட வளாகங்களிலும் அரசு அலுவலக வாயில்களிலும் வரிசையாய் நிற்கும் நெட்டிலிங்க மரங்களை நிமிர்ந்து பார்ப்பவர்கள் இக்கட்டுமானத்தைத் திண்டுக்கல் நகருக்குள்ளேயே தேடிப் பார்க்கலாம். பனைமரத்தின் வெட்டப்படாத காய்ந்த ஓலைப் பாவாடைக்குள் மஞ்சள் வௌவாலும், ஓட்டு வீட்டின் உத்தரத்திலும் சுவர் வெடிப்பிலும் நான்கைந்து கிராமுக்கு மேல் எடையில்லாத துரிஞ்சிலும் ஒண்டும். அந்தி மயங்கும் முன்பே வெளியேறித் தெருவிளக்கைச் சுற்றிக் கொசுவும் விட்டிலும் பிடிக்கும் அச்சிறு பிராணியே நம் மக்கள் நாள்தோறும் பார்த்தும் பாராத வௌவால்.

கணக்கெடுக்கும் முறை

உறைவிடங்களை இவ்வாறு வகுத்துக்கொண்டால் கணக்கெடுக்கும் முறையும் தானே அமையும். பகலில் ஒவ்வோர் ஊராகச் சென்று, பூசாரியையும் பனையேறியையும் தோட்டக்காரரையும் ஆடு மேய்ப்பவரையும் விசாரித்து, உறைவிடங்களின் பட்டியலை எழுதுவது முதற்படி. ஒவ்வோர் உறைவிடத்துக்கும் உள்வெப்பம், ஈரம், வெளிச்சம், வாயிலின் அளவு, அருகிலுள்ள நீர்நிலையின் தூரம் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். உள்ளே புகுந்து விளக்கடித்து எண்ணுவதைக் காட்டிலும், அந்தியில் வாயிலுக்கு வெளியே அமர்ந்து வெளியேறுவனவற்றை எண்ணுவதே பிராணிக்கும் துன்பம் தராத, கணக்குக்கும் நம்பகமான முறை. குட்டிகளோடு இருக்கும் தாய்களைக் கலைத்தால், பயந்து பறக்கும்போது குட்டிகள் தரையில் விழுந்து மடியும்; ஆகையால் ஈனும் பருவத்தில் உறைவிடத்துக்குள் நுழையலாகாது.

இனத்தை உறுதி செய்ய இரண்டு வழிகள் உண்டு. வனத்துறையின் அனுமதியோடு மெல்லிழை வலையில் பிடித்து, முன்கையின் நீளத்தை அளந்து, மூக்கிலை, செவி, பல் ஆகியவற்றை நோக்கி, உடனே விடுவிப்பது பழைய வழி. முன்கையின் நீளம் சிறு துரிஞ்சிலுக்கு 30 மில்லிமீட்டருக்குள் அடங்க, பெரிய பழந்தின்னிக்கு 150 மில்லிமீட்டரைத் தாண்டும். பிடிக்காமலே ஓசையைப் பதிவு செய்வது புதிய வழி. வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஓசை மனிதச் செவிக்கு எட்டாது. வௌவால் இருளில் எழுப்பும் கூவல்கள் பெரும்பாலும் அதற்கு மேற்பட்டவை. 1938இல் அமெரிக்க அறிஞர் கிரிஃபின், பியர்ஸ் என்னும் பௌதிக ஆசிரியரின் கருவியைக் கொண்டு முதன்முதல் அதைக் கண்டறிந்தார். இன்று கையடக்கமான கருவிகள் அக்கூவலைப் பதிந்து படமாகவே காட்டுகின்றன. மடிப்புதட்டு வௌவாலின் ஓசை 20,000 அதிர்வுகளை ஒட்டியது. எலிவால் வௌவாலுடையது 32,000ஐ ஒட்டியது. சமணர் மலை இலைமூக்கு வௌவாலுடையது 1,25,000க்கும் மேலே செல்வது. மதுரையில் எலிவால் வௌவால்களை ஆராய்ந்தபோது, தனித்துப் பறக்கையில் ஒரே சுருதியில் கூவும் அவை, கூட்டமாய்ப் பறக்கையில் ஒன்றன் எதிரொலி மற்றொன்றைக் குழப்பாதபடி சுருதியைச் சற்றே மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது தெரியவந்தது. ஆதலால், ஓசைப் பதிவை மட்டும் நம்பி, சுருதி வேறுபட்டால் இனமும் வேறு என்று துணிவதும் பிழையாகும். இரு வழிகளும் ஒன்றுக்கொன்று சாட்சியாய் நிற்கவேண்டும்.

இக்கணக்கெடுப்பு ஒரு பருவத்தோடு முடிவதாயிருத்தல் கூடாது. சித்திரை வைகாசியில் கண்மாயும் குளமும் வற்றியபோது வௌவால்கள் எந்த நீரை நாடுகின்றன என்பதும், மழைக்குப் பின் ஈசல் எழும் காலத்தில் எவை எங்கிருந்து வந்து கூடுகின்றன என்பதும் தனித்தனியே தெரியவேண்டியவை. வௌவால் தரையில் இறங்கி நீர் குடிப்பதில்லை. பறந்துகொண்டே நீர்ப்பரப்பைத் தொட்டுக் குடிக்கும். ஆதலின், கோடையில் எஞ்சும் ஆத்தூர்க் காமராசர் அணை முதலிய திறந்த நீர்ப்பரப்புகளை ஒட்டி அந்திப்பொழுதில் ஓசைக் கருவியோடு அமர்வது, பல நாள் அலைந்து தேடுவதைவிட மிகுந்த பயன் தரும். பாலை நாடுகளில் ஆராய்ந்தோர் பலரும் ஊற்றுக் கரைகளில் இம்முறையையே கையாண்டிருக்கின்றனர்.

இழப்பும் காப்பும்

உறைவிடம் மனிதனின் கையில் இருப்பதால் இழப்பும் அவன் கையாலேயே நேருகிறது. கும்பாபிஷேகத்துக்காகக் கோயிலைப் புதுப்பிக்கும்போது மாடங்கள் கம்பிவலையிட்டு அடைக்கப்படுகின்றன. விதானங்களில் இரவு முழுவதும் மின்விளக்கு எரிகிறது. வௌவால் எச்சத்தின் நாற்றத்தையும் சிற்பங்களுக்கு நேரும் கேட்டையும் எண்ணும்போது நிர்வாகிகளைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் வழிபாட்டில் இல்லாத ஒரு மேல்நிலை மாடத்தையேனும் திறந்து வைப்பது கூடாத காரியமன்று. சாலைகளை அகலப்படுத்துகையில் வீழ்ந்த புளிய மரங்களும், செங்கற் சூளைக்குச் சென்ற பனைகளும், கல் குவாரிகளால் மறைந்த குன்றுகளும் இவ்விழப்பில் சேர்ந்தவை. குவாரியின் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கக்கூடும் என்பதற்குக் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் சாட்சி. 1994இல் பெயரிடப்பட்ட ஓர் இலைமூக்கு வௌவால் இனம் உலகிலேயே அங்குள்ள ஹனுமனஹள்ளிக் குகையில் மட்டும் எஞ்சி, கருங்கல் வெட்டுவோரால் அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. ஒரு குன்று தகர்ந்தால் ஓர் இனமே உலகைவிட்டு நீங்கிவிடக்கூடும் என்பது அங்கே கண்கூடு.

பழத்தோட்டக்காரரின் கோபத்துக்கும் இடம் கொடுத்துப் பேசவேண்டும். வெள்ளோடு, சின்னாளபட்டிப் பக்கத்துத் திராட்சைக்கும் ஆயக்குடிக் கொய்யாவுக்கும் பழந்தின்னிகளால் சேதம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தொல்லைப் பிராணிகளின் அட்டவணையில் வைத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்த அட்டவணையே நீக்கப்பட்டுவிட்டது. கனியும் தருணத்தில் பந்தலுக்கு மேல் வலை போர்த்துவது சேதத்தைத் தடுக்கும் நேர்வழி. பிராணி சிக்கி மடியாதபடி அவ்வலை நெருங்கிய கண்ணுடையதாய் இறுகக் கட்டப்பட வேண்டும். மறுபக்கத்தில், இலுப்பையும் இலவமும் இரவில் மலர்ந்து வௌவாலால் மகரந்தம் பெறுகின்றன. ஆல், வேம்பு முதலியவற்றின் விதைகளை மனிதக் கை நடாத பாறைச் சந்துகளிலும் தரிசுகளிலும் அவை விதைக்கின்றன. பூச்சி தின்னும் இனங்களோ, நெல்லையும் காய்கறியையும் கெடுக்கும் அந்துப்பூச்சிகளை இரவுதோறும் குறைக்கின்றன. வரவையும் செலவையும் ஒருங்கே எழுதினால் வரவே மிகும் என்பது என் அபிப்பிராயம்.

2018இல் கேரளத்தில் கண்ட நிபா நோய்க்குப் பின் எழுந்த அச்சமும் கருதத்தக்கதே. அந்நோய்க்கிருமிக்குப் பெரிய பழந்தின்னி வௌவால் இயற்கைப் புகலிடம் என்பது உண்மை. வௌவால் கடித்த பழத்தை உண்ணாமலும், வெறுங்கையால் வௌவாலைத் தொடாமலும் இருப்பதே அதற்குரிய காப்பு. மரத்தை வெட்டிக் கூட்டத்தைக் கலைப்பதால் அவை வேறு பல ஊர்களுக்குச் சிதறிப் போகுமேயன்றி ஆபத்து குறையாது.

உறைவிடங்களைக் கணக்கெடுத்துக் காப்பதற்குப் புதிய சட்டமோ பெருநிதியோ தேவையில்லை. 2002ஆம் ஆண்டு பல்லுயிர் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். அப்பதிவேட்டில் ஊரின் வௌவால் உறைவிடங்களான ஆலமரம், கோபுர மாடம், பாழ்ங்கிணறு, பனந்தோப்பு, பாறைக்குகை ஆகியவற்றை இடமும் இனமும் பருவமும் குறித்து எழுதிவைப்பது பஞ்சாயத்தாரால் ஆகாத காரியமன்று. காந்திகிராமத்திலும் திண்டுக்கல் நகரிலும் உள்ள கல்லூரி மாணவர்கள் ஆண்டுக்கு இரு பருவத்தில் அக்குறிப்பைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். கோயில் திருப்பணிக்கும் சாலைப் பணிக்கும் குவாரி உரிமத்துக்கும் உத்தரவிடுமுன் அப்பதிவேட்டைப் பார்த்தல் அதிகாரிகளின் கடமையாகட்டும். திண்டுக்கல் மாவட்டத்தின் ஊராட்சிகள் தத்தம் பதிவேட்டில் வௌவாலுக்கென ஒரு பக்கத்தை இவ்வாண்டே ஒதுக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.